வேலையும் மனமகிழ்வும்: கோலார் தங்கவயல் கற்பிக்கும் பாடம்

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலர்க் குழுவினர் வரலாற்றுக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு என்னைப் பணித்தனர். மன்னர்களின் வரலாற்றை எழுதலாம். போர்களின் வரலாற்றையும் எழுதலாம். அவை பாடநூல்களில் நிரம்ப உள்ளன. உழைத்து உண்ட மக்களின் வரலாறு அங்கே சிறிதளவே காணப்படும். உழைக்க விரும்பியும் வேலை கிடைக்காத மக்களின் வரலாறோ காணப்படுவதே அரிது. ஆகவே அதனையே எடுத்துக்கொண்டேன்.

கழகம் தொடங்கிய காலத்தில் நம் பெற்றோர் கேட்ட வினா, "நம் பிள்ளை படிக்குமா?" என்பது. இன்று அதே வீடுகளில் எழும் வினா, "படித்த பிள்ளைக்கு வேலை என்ன?" என்பது. வினா மாறியிருப்பதே நம் வளர்ச்சிக்குச் சான்றாகும். ஆயினும் இரண்டாம் வினாவின் சுமை முதலாவதினும் பெரிது. பட்டம் பெற்றும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இளைஞன் ஒருவன் இழப்பது சம்பளம் மட்டுமா? வேறு எவற்றையெல்லாம் அவன் இழக்கிறான்? அவ்விழப்புக்கு அவனே காரணமா? இவ்வினாக்களுக்கு வரலாறு விடை சொல்லும். அவ்விடையைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் பலர் மூட்டை முடிச்சுடன் நடந்தே சென்ற கோலார் தங்கவயலே நமக்குப் பாடசாலையாகும்.

வறுமை வேறு, வேலையின்மை வேறு

வறுமையின் கொடுமையை உணர்ந்தே வள்ளுவர் நல்குரவுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். வேலையின்மை வறுமைக்கு வழி வகுக்கும் என்பதும் உண்மையே. எனினும் இரண்டும் ஒன்றல்ல. காலை முதல் மாலை வரை பாடுபட்டும் அரை வயிற்றுக்கு உண்பவன் வறியவன். அவனுக்கு இரவில் தூக்கம் வருகிறது. ஊரில் அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. நாளை எங்கே செல்ல வேண்டும் என்பது அவனுக்குத் தெரிகிறது. வேலையிழந்தவனுக்கோ, வீட்டில் அரிசி இருந்தாலும், இவையெல்லாம் ஒவ்வொன்றாகக் கைநழுவுகின்றன. 1994-இல் கிளார்க், ஆஸ்வால்டு என்னும் இரு பொருளியலறிஞர்கள் பிரிட்டன் நாட்டு மக்களிடையே திரட்டிய விவரங்களை ஆராய்ந்து, வேலையில்லாதோரின் மனநலம் வேலையிலுள்ளோரின் மனநலத்தினும் மிகத் தாழ்ந்திருப்பதைக் காட்டினர். வருமானக் குறைவு ஒன்றை மட்டும் கொண்டு அத்தாழ்வை விளக்கிவிட முடியவில்லை. ஏன் இவ்வாறு என்பதைத் தங்கவயலின் வரலாறு தெளிவாக்கும்.

ஊர்விட்டு வயல் சென்றோர்

தங்கவயலைக் கண்டுபிடித்தவர் வெள்ளையர் என்பர். இது பாதி உண்மை. திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் படை அதிகாரி, 1802-இல் மாரிகுப்பம், உரிகம் பகுதிகளில் அவ்வூர் மக்கள் மண்ணைக் கழுவியும், குழிகளில் கல்லெடுத்து இடித்தும் பொன் பிரிப்பதைக் கண்டு எழுதினார். அவ்வாறு கல்லெடுத்தோர் நம்மவரே என்பது அவர் குறிப்பால் விளங்கும். அக்குறிப்பைப் பல ஆண்டுகளுக்குப் பின் படித்த லாவெல் என்னும் ஓய்வுபெற்ற சிப்பாய், 1873-இல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை வேண்டினார். 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி அங்கு வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் சாம்பியன் ரீப் என்னும் வளமான படிவு அகப்பட்டது. அதன் பின்னர் நூற்றிருபது ஆண்டுகளில் அம்மண்ணிலிருந்து வெளிவந்த பொன் 800 டன்னுக்கும் மேற்பட்டதாகும்.

பொன் இருந்தது, இயந்திரமும் வந்தது. ஆழத்தில் இறங்குவோர் வேண்டுமே! அவர்கள் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து வந்தனர். அவர்களுள் பெரும்பான்மையோர் ஆதிதிராவிடர். பண்ணையில் படியளந்த கூலிக்குத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தவர்கள், பஞ்சத்தின் விரட்டலால் பாதியும், காசுக் கூலியின் ஈர்ப்பால் பாதியுமாகச் சென்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குப் பணிபுரிந்தோர் தொகை முப்பதாயிரத்தை எட்டியது.

அவ்வேலையை நான் புகழ வரவில்லை. அது உயிரைப் பணயம் வைத்த வேலை. சாம்பியன் ரீப் சுரங்கம் 3,000 மீட்டர் ஆழத்துக்கும் கீழே சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை சென்டிகிரேடைத் தாண்டியது. பாறை வெடித்துச் சரிந்து மாண்டோர் பலர். கல்தூளை மூச்சில் இழுத்து நுரையீரல் இறுகி மாண்டோர் அதனினும் பலர். 1940-களில் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர்க்கு இந்நோய் இருந்தது தெரியவந்தது. சிவசமுத்திரத்தில் காவிரியால் ஆக்கப்பட்ட மின்சாரம் 1902-இல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழி ஓடி வந்து சுரங்க இயந்திரங்களை இயக்கியது. பெங்களூர் நகரத் தெருக்கள் மின்விளக்கைக் கண்டதே 1905-இல்தான். ஆனால் இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்த கம்பெனி, அதனை இயக்கியவர்களை மூங்கில் தட்டிக் குடிசைகளில் குடியிருத்தியது. அதிகாரிகளின் பங்களாக்கள் நிறைந்த பகுதியைச் "சின்ன இங்கிலாந்து" என்றனர். தொழிலாளர் குடிசைகளுக்கு அப்படியொரு பெயர் வாய்க்கவில்லை.

கூலிக்கு மேற்பட்ட செல்வம்

இத்துணைக் கொடுமைக்கிடையிலும் அம்மக்கள் தலைநிமிர்ந்தனர் என்பதுதான் நாம் கருதிப் பார்க்க வேண்டிய செய்தியாகும். எவ்வாறு நிமிர்ந்தனர்?

முதலாவது, கூலி காசாகக் கிடைத்தது. காசுக்குச் சாதியில்லை. பண்ணையார் முகம் பார்த்து நிற்க வேண்டிய நிலை அற்றது. இரண்டாவது, ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் கூடி வாழ்ந்தனர். ஊருக்குப் பத்து வீடாகச் சேரியில் ஒதுங்கிக் கிடந்தவர்கள், அங்கே ஒரு நகரத்தின் பெரும்பான்மையினராயினர். மூன்றாவது, கையில் சிறிது ஓய்வும் சிறிது பணமும் சேர்ந்தன. அவற்றை அவர்கள் என்ன செய்தனர்? சாராயக் கடைக்குச் சென்றவர்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் சங்கம் அமைத்தவர்கள், பள்ளி தொடங்கியவர்கள், பத்திரிகை நடத்தியவர்கள் அவர்களுக்கிடையேதான் தோன்றினர்.

பண்டித அயோத்திதாசர் தோற்றுவித்த சாக்கிய பௌத்த சங்கத்துக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிகுப்பத்தில் கிளை ஏற்பட்டது. 1907-இல் சென்னையில் அவர் தொடங்கிய "ஒரு பைசாத் தமிழன்" இதழுக்குத் தங்கவயலில் வாசகர் பலர் இருந்தனர். பண்டிதர் 1914-இல் மறைந்தார்; பின்னர் இதழும் நின்றது. நின்ற "தமிழன்" இதழ் 1926-இல் மீண்டும் வெளிவந்தது தங்கவயலிலிருந்துதான். அதனை நடத்தியவர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக்கிக் காத்த சித்தார்த்தா புத்தகசாலையும் அவ்வூரில்தான் இருந்தது. கல்லூரி வாயிலை மிதியாத சுரங்கத் தொழிலாளர்களின் காலணாவும் அரையணாவும் சேர்ந்து ஓர் அறிவு மரபையே காத்தன. பெரும் பல்கலைக்கழகங்கள் அயோத்திதாசரைத் திரும்பிப் பார்க்க மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

தன்மானமும் அவ்வாறே வளர்ந்தது. 1930-இல் கம்பெனி தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிவு செய்ய முற்பட்டது. "நாங்கள் குற்றவாளிகளா?" என்று தொழிலாளர் கேட்டனர். பல்லாயிரவர் வேலைநிறுத்தம் செய்தனர். சோற்றுக்கு வேலை செய்தவர்கள் மானத்துக்காக அவ்வேலையை நிறுத்தினர்! 1946-இல் மற்றொரு பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. பண்ணையில் கையைக் கட்டி நின்றவரின் பேரன், கம்பெனி வாயிலில் கையை உயர்த்தி நின்றான். இடைப்பட்ட மாற்றத்துக்கு வேலையே அடித்தளமாயிற்று.

ஆக, ஒரு வேலை மக்களுக்குக் கூலி மட்டும் தருவதில்லை. கூடுவதற்கு இடமும், படிப்பதற்கு வாய்ப்பும், எதிர்ப்பதற்கு வலிமையும் தருகிறது. அவ்வேலை போகும்போது எவையெல்லாம் போகும் என்பதை இதிலிருந்தே உய்த்துணரலாம்.

2001 பிப்ரவரி 28

சுதந்திரத்துக்குப் பின்னர் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் பொறுப்பேற்றன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் அரசு நிறுவனம் உருவானது. ஆனால் பொன் குறைந்துகொண்டே வந்தது. தொடக்க காலத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த பொன், இறுதிக் காலத்தில் 5 கிராமுக்கும் கீழே இறங்கியது. ஆழம் கூடக் கூடச் செலவும் கூடியது. எடுத்த பொன்னையும் நெடுங்காலம் சந்தை விலையினும் குறைந்த அதிகார விலைக்கே அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. நட்டம் பெருகியது. 1992-இல் நலிந்த தொழில்களைச் சீரமைக்கும் வாரியத்திடம் நிறுவனம் ஒப்படைக்கப்பட்டது. வாரியம் 2000-இல் மூடிவிடப் பரிந்துரைத்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அப்போது எஞ்சியிருந்த தொழிலாளர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

மூன்று தலைமுறைகள் ஒரே வாயில் வழியாகச் சென்று வந்த வேலை ஒரே நாளில் முடிந்தது. அந்நாளில் உலகச் சந்தையில் ஓர் அவுன்சு பொன் 300 டாலருக்கும் கீழே விற்றது. பத்தாண்டுக்குள் அது 1,000 டாலரைக் கடந்தது. தொழிலாளர்க்கு அதனால் விளைந்த பயன் ஒன்றுமில்லை. நிலுவைகளுக்காகவும் வீடுகளுக்காகவும் வழக்குமன்றப் படிகளில் அவர்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தனர்.

வேலையோடு மற்றவையும் சென்றன. குடிநீர், துப்புரவு, மருத்துவமனை அனைத்தும் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தவை. பெயர் பெற்ற பெரிய மருத்துவமனை மூடப்பட்டது. பொன் பிரித்த பின் குவிக்கப்பட்ட சயனைடு மண்மேடுகள் மட்டும் நீங்கவில்லை. காற்றடிக்கும் காலங்களில் அந்த மண் வீடுகளுக்குள் புகுந்து சோற்றுத் தட்டிலும் படிந்தது. அம்மேடுகளில் இன்னும் பொன் உண்டு என்பதால், அவற்றைத் தோண்டும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கருநாடக அமைச்சரவை 2024-இல் இசைவளித்தது. மண்ணுக்கு மறுவாழ்வு பேசப்படுகிறது. மனிதர்க்கு?

மனிதர் தமக்கு வழியைத் தாமே தேடிக்கொண்டனர். மாரிகுப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூர் செல்லலாயினர். காவலர் வேலை, ஆயத்த ஆடைத் தொழிற்சாலை வேலை, கட்டட வேலை, துப்புரவு வேலை எனக் கிடைத்ததைப் பற்றிக்கொண்டனர். இரவு திரும்பும்போது பிள்ளைகள் உறங்கியிருப்பர். உலகின் ஆழமான சுரங்கத்தில் இறங்கித் துளையிடும் அரிய திறன் பெற்றவர், மாநகரில் ஒரு கட்டடத்தின் வாயிலில் நின்று வண்டிகளுக்குக் கதவு திறக்கலானார். சம்பளம் உண்டு. ஆனால் "நான் யார்?" என்னும் வினாவுக்கு அவரிடம் இருந்த விடை போய்விட்டது.

மரியென்தால் ஊரில் கண்டது

இவ்விழப்பைச் சொற்களால் விளக்க உதவும் ஆய்வொன்று வேறொரு நாட்டில் நடந்தது. ஆஸ்திரியா நாட்டின் தலைநகரான வியன்னாவுக்கு அருகே மரியென்தால் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கிருந்த நெசவாலை ஒன்றே ஊர் முழுமைக்கும் வேலை தந்தது. 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் அவ்வாலை மூடப்பட்டது. 478 குடும்பங்கள் கொண்ட அவ்வூரில் பெரும்பான்மையோர் வேலையிழந்தனர். மரி யஹோடா என்னும் இளம் பெண்மணியும், லாசர்ஸ்பெல்டு, சைசல் என்னும் இருவரும் தம் துணைவர்களோடு அங்குச் சென்று ஆராய்ந்து, 1933-இல் நூலாக வெளியிட்டனர்.

வேலையிழந்த மக்கள் கொதித்தெழுவர் என்று பலர் எதிர்பார்த்திருந்தனர். அவர்கள் கண்டதோ சோர்வு. நாள் முழுதும் ஓய்விருந்தும் நூலகத்திலிருந்து பெறப்பட்ட நூல்களின் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நூலகக் கட்டணத்தை நீக்கியும் பயனில்லை. செய்தித்தாள் வாங்குவோர் குறைந்தனர். சங்கங்களில் ஈடுபாடு குறைந்தது. தெருவில் நடப்போரைக் கடிகாரம் கொண்டு அளந்தபோது, ஆண்களின் நடையே தளர்ந்திருந்தது. அடிக்கடி நின்று நின்று சென்றனர். வீட்டு வேலை ஓயாத பெண்களின் நடை அவ்வாறு தளரவில்லை. "நேற்று என்ன செய்தீர்?" என்று கேட்டால் ஆண்களால் விடை கூற இயலவில்லை. நேரம் நிரம்ப இருந்தது. அதற்கு உருவம் இல்லாமற்போயிற்று.

ஆசிரியர் என்ற முறையில் என் மனத்தை மிகவும் தைத்த செய்தி ஒன்று அந்நூலில் உண்டு. கிறித்துமசுக்கு என்ன பரிசு வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளை எழுதச் சொன்னார்கள். மரியென்தால் பிள்ளைகள் கேட்ட பரிசுகளின் விலை, பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் கேட்டவற்றில் மூன்றில் ஒரு பங்களவே இருந்தது. அதையும், பெற்றோரிடம் பணம் இருந்தால் என்னும் நிபந்தனையோடு எழுதியிருந்தனர். தந்தைக்கு வேலை போனால் பிள்ளையின் ஆசையும் சுருங்குகிறது! பசியைவிடக் கொடியது இது. ஆசை சுருங்கிய பிள்ளைக்கு எந்தப் பாடத்தை நாம் கற்பிப்பது?

யஹோடா அம்மையார் பிற்காலத்தில், 1982-இல் வெளியிட்ட நூலில், வேலை மனிதனுக்குச் சம்பளத்துக்கு அப்பால் ஐந்து நன்மைகளைத் தருகிறது என்று வகுத்துரைத்தார். நாளுக்கு ஓர் ஒழுங்கு. குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு. பலரோடு சேர்ந்து ஒரு பொது நோக்கத்துக்கு உழைக்கும் உணர்வு. சமுதாயத்தில் ஓர் அடையாளமும் மதிப்பும். உடலுக்கும் உள்ளத்துக்கும் இடையறாத இயக்கம். இவ்வைந்தும் ஒருங்கே நீங்குவதே வேலையின்மையின் துயரம் என்றார்.

இவ்வைந்தையும் தங்கவயலோடு பொருத்திப் பாருங்கள். ஷிப்டு மாறும் நேரத்தைக் கொண்டு நாளைக் கணக்கிட்ட ஊர் அது; சுரங்கம் நின்றபின் நாளின் ஒழுங்கு போயிற்று. கூண்டில் ஏறி ஒன்றாகக் கீழே இறங்கிய தோழமை போயிற்று. உலகின் ஆழமான சுரங்கத்தை நடத்துகிறோம் என்னும் பெருமை போயிற்று. 1965-இல் அச்சுரங்கத்தின் ஆழத்தில்தான், அண்டவெளிக் கதிர்களால் விண்ணில் உண்டாகும் நியூட்ரினோ என்னும் நுண்துகளை அறிவியலறிஞர்கள் கண்டறிந்தனர் என்பதையும் இளைஞர்கள் அறிந்து பெருமை கொள்க.

ஒரு சிறு நிகழ்ச்சி இக்கருத்தை மறுபுறமிருந்தும் மெய்ப்பிக்கும். 2021-இல் கொரோனா கொடுநோய் பரவியபோது, இருபதாண்டுகளாகப் பாழடைந்து கிடந்த தங்கவயல் மருத்துவமனையை ஊர்மக்களும் தொண்டர்களும் கூடித் துப்புரவு செய்து நோயாளிகளுக்காகத் திறந்தனர். கூலிக்காகச் செய்த வேலையன்று அது. ஒரு நோக்கம் கிடைத்ததும் கைகள் தாமே எழுந்தன. அம்மக்களிடம் சோம்பல் இருந்ததில்லை; செய்வதற்கு வேலைதான் இல்லாதிருந்தது.

மரியென்தாலிலும் வரலாறு ஒரு வட்டம் சுற்றி வந்தது. 2020-இல் அவ்வூர்ப் பகுதியில் நெடுநாள் வேலையில்லாதிருந்த அனைவருக்கும் வேலை தருவதாக அரசின் வேலைவாய்ப்புத் துறை உறுதியளித்து ஒரு சோதனை நடத்தியது. வேலை பெற்றோரின் வருவாய் மட்டுமன்றி, மனநலமும் நாளொழுங்கும் பிறரோடு பழகும் நிலையும் மேம்பட்டன என்று அறிஞர்கள் கண்டனர். இழந்ததை மீட்க முடியும் என்பதற்கு இது சான்று.

சாதியும் வேலையின்மையும்

மரியென்தால் மக்களுக்கு இல்லாத ஒரு சுமை நமக்கு உண்டு. இன்ன சாதிக்கு இன்ன தொழில் என்று விதித்த சமுதாயம் இது. ஒரு தொழில் நலிந்தால் அதனைச் செய்தவன் வேறு தொழிலுக்கு மாறவேண்டும். மாறுவதைச் சாதி தடுக்கிறது. ஆகவே நாட்டின் வேலையின்மைக்குச் சாதியே ஒரு நேரடிக் காரணம் என்று 1936-இலேயே "சாதி ஒழிப்பு" என்னும் நூலில் பாபாசாகேப் அம்பேத்கர் எடுத்துரைத்தார். சாதி என்பது வேலைப் பிரிவினை அன்று, வேலை செய்வோரைப் பிரிக்கும் பிரிவினை என்பதும் அவர் காட்டிய உண்மையே.

அவர் குடும்ப வரலாறே இதற்குச் சான்றாகும். பம்பாய்ப் படையில் மகார் மக்கள் நெடுங்காலம் பணிபுரிந்தனர். படைவீரர் பிள்ளைகளுக்குப் படையே கல்வி அளித்தது. அம்பேத்கரின் தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகவும், படைப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் தலைமையாசிரியராகவும் விளங்கினார். 1892-இல் மகார்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. வீரம் குறைந்ததனால் அன்று, சாதியின் பெயரால். ஒரு சமுதாயம் முழுமைக்கும் கல்விக்கும் மதிப்புக்கும் வழியாயிருந்த கதவு அடைபட்டது. மீண்டும் சேர்க்கக் கோரி மனுமேல் மனுவாக அவர்கள் எழுதினர். மகார் படைப்பிரிவு அமைந்தது 1941-இல். இடையில் கழிந்தவை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் இருந்த காலத்தில்தான் நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கு அடிகோலப்பட்டது. வேலையின்மையின் வலியை அவர் நூலில் மட்டும் படித்தவரல்லர்.

பழி யாருடையது?

தலைமையாசிரியரிடம் சான்றொப்பம் பெறவேண்டியிருந்த ஆண்டுகளில், என் பழைய மாணவர்கள் பலர் விண்ணப்பத் தாள்களுடன் என்னிடம் வருவதுண்டு. முதலாண்டு நிமிர்ந்து வந்து, எழுதிய தேர்வைப் பற்றி விரிவாகப் பேசுவர். மூன்றாம் ஆண்டில் பேச்சுக் குறையும். ஐந்தாம் ஆண்டில் தாம் வாராமல் தம்பியிடம் தாள்களைக் கொடுத்தனுப்புவர். மதிப்பெண் சான்றிதழில் இருந்த எண்கள் மாறவில்லை. மாறியது அவர்கள் தம்மீது கொண்ட மதிப்பு. ஊரார் கேட்கும் "இப்போ என்ன பண்றே?" என்னும் ஒரு வினாவுக்கு அஞ்சியே திருமண வீடுகளுக்குச் செல்லாதவர் உண்டு.

இவர்களுக்கு நான் கூறுவது இதுதான். தங்கவயல் தொழிலாளி சோம்பியதால் சுரங்கம் மூடப்படவில்லை. மரியென்தால் நெசவாளி தவறு செய்ததால் ஆலை நிற்கவில்லை. மகார் வீரன் கோழையானதால் படை அவனை விலக்கவில்லை. வேலையின்மை பெரும்பாலும் தனி மனிதனின் குற்றத்தால் நேர்வதன்று. நாட்டின் பொருளாதார ஏற்பாட்டாலும் சமுதாய ஏற்பாட்டாலும் நேர்வது. ஆனால் அதன் தண்டனையைத் தனி மனிதனே தன் உள்ளத்துக்குள் அனுபவிக்கிறான். குற்றம் செய்யாதவன் தண்டனையை ஏற்றுக்கொள்ளலாகாது.

கழகம் செய்யத் தக்கவை

வரலாற்றைப் படிப்பது வருந்துவதற்கு அன்று. மேற்கூறிய வரலாற்றிலிருந்து நம் கழகத்தின் அடுத்த இருபத்தைந்தாண்டுப் பணிக்குச் சில வழிகள் புலனாகின்றன.

ஒன்று, ஒரே வாயிலை நம்பி நிற்றல் ஆகாது. தங்கவயல் முழுதும் ஒரே நிறுவனத்தை நம்பியது. அது மூடப்பட்டதும் அனைத்தும் மூடப்பட்டன. இன்று நம் இளைஞர் பலர் அரசுப் பணித் தேர்வு ஒன்றையே வாயிலாகக் கருதுகின்றனர். அரசுப் பணி நம் உரிமை. இடஒதுக்கீடு போராடிப் பெற்ற பேறு. அதனை ஒருபோதும் விடலாகாது. அதனோடு கைத்தொழில், பொறித் தொழில், சிறு வணிகம், செவிலியம், கணக்கியல் ஆகியவற்றிலும் நம் பிள்ளைகள் இறங்க வேண்டும்.

இரண்டு, காத்திருக்கும் காலத்துக்கு உருவம் கொடுக்க வேண்டும். கழகத்தின் நூலகமும் மாலை வகுப்பும் வேலை தேடும் பட்டதாரிகளின் பொறுப்பில் நடைபெறட்டும். காலையில் எழுந்து செல்ல ஓரிடமும், மாலையில் அவர்களை எதிர்பார்த்துச் சில மாணவரும் இருந்தால், யஹோடா அம்மையார் கூறிய ஐந்தனுள் நான்கேனும் அவர்களுக்குக் கிட்டும். இயன்ற சிறு மதிப்பூதியமும் அளிக்க வேண்டும். நம்மவர் உழைப்பை இலவசமாகப் பெறும் பழைய வழக்கத்தை நம் கழகமே தொடரலாகாது.

மூன்று, பெற்றோர் தம் பேச்சை மாற்ற வேண்டும். "உன்னைப் படிக்க வைத்தது வீண்" என்னும் சொல் எந்த வீட்டிலும் எழலாகாது. மரியென்தால் பிள்ளைகளைப் போல நம் பிள்ளைகளின் ஆசை சுருங்க நாம் இடம் கொடுக்கலாகாது. அச்சொல்லைக் கேட்கும் தங்கையும் தன் படிப்பை வீணென்று எண்ணிவிடுவாள்.

நான்கு, கேட்க வேண்டிய இடத்தில் சேர்ந்து கேட்க வேண்டும். நிரப்பப்படாத இடங்கள், காலம் தாழ்த்தும் தேர்வுகள், ஒப்பந்த முறையில் உரிமையின்றி வாங்கப்படும் வேலை ஆகியவற்றை ஒருவர் தனியே கேட்டால் முறையீடு ஆகும். சங்கமாகக் கேட்டால் கோரிக்கை ஆகும். 1930-இல் எழுதப் படிக்கத் தெரியாத சுரங்கத் தொழிலாளர்க்குத் தெரிந்த இவ்வுண்மை, பட்டம் பெற்ற நமக்குத் தெரியாமற்போகலாமா?

அன்பிற்குரிய இளைஞர்களே! உங்கள் பாட்டன்மார் பூமிக்குள் இறங்கிப் பொன் எடுத்தனர். அப்பொன் கப்பலேறிற்று. அவர்கள் நமக்கென்று விட்டுச் சென்றவை ஒரு சங்கமும், ஒரு பத்திரிகையும், சில நூல்களும், நிமிர்ந்து நிற்கும் பழக்கமுமே. சுரங்கம் மூடப்பட்ட பின்னும் அவை மூடப்படவில்லை. வேலை கிடைக்கும் நாள்வரை அவற்றைப் பற்றிக்கொள்ளுங்கள். வேலை கிடைத்த பின்னர் அவற்றைப் பெருக்குங்கள். பொன் விழா மலரில் இக்கட்டுரையின் தொடர்ச்சியை எழுதப்போகிறவர் உங்களுள் ஒருவராகவே இருப்பார். அவர் எழுதும் வரலாறு வேலை பெற்று மகிழ்ந்த ஒரு தலைமுறையின் வரலாறாக அமைக!